கதை யாருடையது?

தமிழ் சினிமா இலக்கியத்தை மதிப்பதில்லை என்ற குறை வெகுகாலமாக இருக்கிறது. நாவலிலிருந்து வந்த படம் ஒரு படி உசத்தி, சினிமாவுக்கென்றே கட்டிய கதை ஒரு படி மட்டம் என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். பழைய படங்களின் கதை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால் இந்தத் தராதரம் நிற்பதில்லை. 1936-ல் வந்த ‘சதிலீலாவதி’, எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, எம்.ஜி.ஆரின் முதல் படம் என்பதால் இன்றும் பேசப்படுகிறது. அப்போது மேடையில் ஓடிக்கொண்டிருந்த ‘பதிபக்தி’ நாடகத்தின் கதை இதில் திருடப்பட்டிருக்கிறது என்று வழக்கு வந்தது. வாசன் சாட்சி சொன்னார்: இரண்டு கதைக்கும் மூலம் ஹென்றி வுட் அம்மையார் எழுதிய ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்ற ஆங்கில நாவல்! குடியின் கேட்டைச் சொல்ல இங்கிலாந்தில் எழுதப்பட்ட புத்தகம் இங்கே ஒரு பக்கம் நாடகமாகவும் இன்னொரு பக்கம் தொடர்கதையாகவும் ஆகி, ஒன்று மற்றதைத் திருட்டு என்று குற்றம் சாட்டியது.

சரி, அது தழுவல். சொந்தக் கதை என்று பெயர் வாங்கியவை எப்படி உண்டாயின? அதே வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் கதை இலாகா என்றே ஒன்று இருந்தது. சம்பளத்துக்கு எழுத்தாளர்கள் கூடி உட்கார்ந்து, பேசிப் பேசிக் கதை பண்ணுவார்கள். ‘சந்திரலேகா’வுக்கு முதலில் பெயரைத்தான் வாசன் விளம்பரப்படுத்தினார், கதை அப்புறம்தான் தேடப்பட்டது. இலாகாவைச் சேர்ந்த வேப்பத்தூர் கிட்டு, ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் ‘ராபர்ட் மக்கேர்’ நாவலில் கண்ட துணிச்சல்காரப் பெண் ஒருத்தியிலிருந்து அது முளைத்தது. இதே ரெயினால்ட்ஸின் நாவல்களைத்தான் ஆரணி குப்புசாமி முதலியார் தமிழில் தழுவித் தந்திருந்தார். நாவலாசிரியரும் கதை இலாகாவும் தண்ணீர் இறைத்தது ஒரே கிணற்றில். இன்னொன்றும் உண்டு. அந்த இலாகாவில் இருந்த கொத்தமங்கலம் சுப்புதான் ‘கலைமணி’ என்ற பெயரில் விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதினார். ஏ.பி. நாகராஜன் 1968-ல் அதைப் படமாக்கியபோது அது நாவல் தழுவல். அதே மனிதர் இலாகாவில் உட்கார்ந்து யோசித்தது மட்டும் சினிமாக் கதை!

கல்கியின் ‘தியாகபூமி’ விஷயத்தில் எது முந்தியது என்று கேட்பதே வீண். கே. சுப்ரமணியம் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே விகடனில் தொடரும் வந்தது. ஓவியம் இருக்க வேண்டிய இடத்தில் படப்பிடிப்பின் ஸ்டில் அச்சாயிற்று. சம்பு சாஸ்திரியைப் படித்த வாசகன், அந்த வேடத்தில் நடித்த பாபநாசம் சிவனின் முகத்தோடுதான் படித்தான். 1939-ல் படம் வெளியாகி, பிறகு அரசாங்கம் தடை போட்டது. நாவலைப் படமாக்கினார்கள் என்பதும் படத்தை நாவலாக எழுதினார் என்பதும் இங்கே பாதிப் பாதிதான் உண்மை.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா என்று கேட்கலாம். ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ (1959) எந்தப் புத்தகத்தையும் நம்பாமல் அவரே எழுதி இயக்கியது. அதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே புதிதாக இருந்தது மூலம் இல்லாதது அல்ல. கதையை யோசித்தவரே எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்றும் முடிவு செய்தார் என்பதுதான். அந்த அதிகாரம் நாவலை எடுத்துக்கொண்டவருக்குக் கிடைத்தாலும் இதே பலன் உண்டு. உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் முதல் பரிசு பெற்ற நாவல். 1978-ல் மகேந்திரன் அதில் அண்ணன், தங்கை, விஞ்ச் ஓட்டுகிற காளியின் வீம்பு ஆகியவற்றை வைத்துக்கொண்டு மீதியைத் தன் போக்கில் எழுதினார். நாவலில் காளியின் கையைப் பறித்த புலியைப் படத்தில் காணோம். இங்கே அவன் கை லாரியில் போகிறது. அவன் மாறுவதைச் சொல்லப் பக்கம் பக்கமாக வசனம் இல்லை. அடுத்த வருடம் ‘உதிரிப்பூக்க’ளுக்குப் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ மூலம் என்று டைட்டிலில் போட்டார். குறுநாவலைத் தேடிப் படித்தவர்களுக்குப் படத்தின் ஆற்றங்கரை முடிவு அதில் அகப்படாது.

மாற்றுவதே திறமை என்றும் ஆகிவிடாது. அதே 1978-ல், ‘முள்ளும் மலரும்’ படத்தில் நடித்த ரஜினிகாந்தையே வைத்து, சுஜாதாவின் ‘ப்ரியா’வும் வந்தது. லண்டனில் நடக்கிற கதை சிங்கப்பூருக்குப் போயிற்று. வக்கீல் கணேஷ் சண்டை போடுகிற கதாநாயகன் ஆனார். இரண்டு படமும் மூலத்தை விட்டு விலகியவைதான். ஒன்று மனிதனுக்காக விலகியது, மற்றது வசூலுக்காக. வசூலும் வந்தது. எழுத்தாளரே இயக்கினால் இந்த வம்பே இல்லையே என்பார்கள். ஜெயகாந்தன் தன் ‘உன்னைப்போல் ஒருவ’னை 1965-ல் தானே எடுத்து தேசிய விருதும் வாங்கினார். எனக்கு அது விதிவிலக்காகத் தோன்றவில்லை. எழுதியவரே வெட்டும் உரிமையையும் வைத்துக்கொண்ட இன்னொரு சந்தர்ப்பம், அவ்வளவுதான்.

மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்ற வாசகரின் ஆத்திரத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பூமணியின் ‘வெக்கை’, கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் மறைந்து திரியும் பையனின் மனசுக்குள் நடப்பது. 2019-ல் வெற்றிமாறன் ‘அசுரன்’ ஆக்கியபோது அப்பா முன்னால் வந்துவிட்டார். நாவலில் இல்லாத அவருடைய இளமைக் கதை படத்தின் இரண்டாம் பாதியில் பெரும் இடம் எடுத்துக்கொண்டது. தனுஷ் அப்பாவாக நடிக்கும் படத்தில் பையன் பின்னுக்குப் போகத்தான் செய்வான் என்பது சமாதானம் ஆகாது. ஆனால் அந்த முன்கதை சேர்ந்ததால்தான் அப்பாவின் பொறுமைக்குப் படத்தில் ஒரு காரணம் கிடைக்கிறது. அது திரைக்கதை எழுதியவரின் கணக்கு. பூமணியின் கணக்கில் வரவு வைக்கவோ பற்று எழுதவோ அதில் ஒன்றும் இல்லை.