அணு மருத்துவப் பணியாளர் கதிர்வீச்சுக் குறைப்பு மென்பொருள்

அணு மருத்துவப் பிரிவுகளில் பணியாளர் பெறும் கதிர்வீச்சு அளவைக் கணித்து, பதிந்து, குறைக்க உதவும் கணினி நிரல்கள். நேரம், தொலைவு, தடுப்பு என்னும் மூன்று காப்பு வழிகளுள் இவை முதன்மையாக நேரத்தைக் கையாள்கின்றன. கதிரியக்க மருந்துகளிலுள்ள டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்திலும் ஃபுளூரின்-18 110 நிமிடத்திலும் பாதியாகச் சிதைவதால், ஊசி போடும் வேளைக்குரிய மருந்தளவை நிரல் முன்கூட்டியே கணிக்கிறது. இதனால் மருந்துக் குப்பியருகே கை இருக்கும் நேரம் சுருங்குகிறது. ஊசி ஏற்ற நோயாளிகளே கதிர்மூலமாவதால் அவர்களை அழைக்கும் வரிசையையும் நிரல் ஒழுங்கு செய்கிறது. இந்தியாவில் 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், பணியாளருக்கான வரம்பை ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்றும், எந்த ஓராண்டிலும் 30 என்றும் வகுத்துள்ளது. மார்பில் அணியும் டிஎல்டி (வெப்ப ஒளிர்வுக் கதிர்வீச்சு அளவி) பட்டை பொதுவாகக் காலாண்டுக்கு ஒருமுறையே அளவிடப்படுகிறது. ஆகவே உடனடி அளவு காட்டும் மின்னணு அளவிகளோடு இணைந்த மென்பொருளே கூடுதல் பயனுடையது. விரல்கள் ஏற்கும் அளவை மார்புப் பட்டை காட்டாது. அதற்கு மோதிர அளவி தேவை.