புது லேஅவுட்டில் மனை வாங்குகிறீர்களா? சதுர அடி ரேட்டுக்கு முன்னால் தெருவைப் பாருங்கள்

மனை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு போகிறார்கள். சதுர அடி என்ன ரேட்? அப்ரூவல் இருக்கிறதா? பேங்க் லோன் கிடைக்குமா? தெருவைப் பற்றிக் கேட்டால், "முப்பது அடி ரோடு சார்" என்று பதில் வரும். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் பிடிக்காத வீட்டை இடித்துக் கட்டலாம். தெருவை அப்படிச் செய்ய முடியாது. இருபுறமும் வீடுகள் வந்த பிறகு 20 அடித் தெரு 20 அடித் தெருவாகவே இருக்கும். ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத முட்டுச்சந்தும் அப்படியேதான் இருக்கும். எத்தனை மாடி கட்டலாம் என்பதைக்கூடப் பல மாநிலங்களில் மனைக்கு முன்னால் உள்ள சாலையின் அகலமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. எனவே, தெருக்களுக்கு விதி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

விதி வகுப்பது யார்?

இந்தியா முழுவதற்குமான வழிகாட்டி, இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. இதன் 2016 பதிப்பு மனைப்பிரிவுகளின் சாலை, திறந்தவெளி பற்றியும் பேசுகிறது. நடைபாதை, வேகத்தடை போன்ற சாலை நுணுக்கங்களுக்கு இந்திய சாலை காங்கிரஸின் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன.

இவை இரண்டும் பரிந்துரைகள்தான். சட்டமாகக் கட்டுப்படுத்துவது அந்தந்த மாநிலத்தின் விதி. தமிழ்நாட்டில் அது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். மாநிலத்துக்கு மாநிலம் அளவுகள் மாறும். அதனால் தேசியத் தொகுப்பின் எண்களை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு, உங்கள் மாநில விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தெருவின் நீளத்துக்கும் அகலத்துக்கும் என்ன தொடர்பு?

தேசியத் தொகுப்பின் கணக்கு எளிமையானது. தெரு நீண்டுகொண்டே போனால் அதில் வந்து சேரும் வீடுகளும் வண்டிகளும் கூடும். ஆகவே அகலமும் கூட வேண்டும். குடியிருப்புத் தெருக்களுக்கு அது சொல்லும் குறைந்தபட்ச அகலம் இது:

• 75 மீட்டர் நீளம் வரை: 6 மீட்டர்
• 150 மீட்டர் வரை: 7.5 மீட்டர்
• 250 மீட்டர் வரை: 9 மீட்டர்
• 400 மீட்டர் வரை: 12 மீட்டர்
• 1,000 மீட்டர் வரை: 18 மீட்டர்
• அதற்கு மேல்: 24 மீட்டர்

6 மீட்டர் என்பது சுமார் 20 அடி. 9 மீட்டர் ஏறத்தாழ 30 அடி. 12 மீட்டர் ஏறத்தாழ 40 அடி.

இதை மனைக் கணக்கில் பார்ப்போம். ஒவ்வொரு மனைக்கும் 30 அடி முகப்பு என்றால், 75 மீட்டருக்குள் ஒரு பக்கத்தில் எட்டு மனைகள்தான் அடங்கும். 20 அடித் தெருவில் ஒரே வரிசையாகப் பதினைந்து மனைகள் இருந்தால், அந்தத் தெரு தேசிய அளவுகோலைத் தாண்டிவிட்டது என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

30 அடி ரோடு என்றால் தார் 30 அடியா?

இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். லேஅவுட்டில் சாலை அகலம் என்று சொல்வது, ஒரு பக்கத்து மனையின் எல்லையிலிருந்து எதிர்ப்பக்கத்து மனையின் எல்லை வரை. தார் போட்ட பகுதி, மழைநீர் வடிகால், நடைபாதை, மின்கம்பம், மரம் எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும்.

குடியிருப்புப் பகுதிகளில் நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்திய சாலை காங்கிரஸ். 9 மீட்டர் தெருவில் இரு பக்கமும் நடைபாதை விட்டால் மீதி 5.4 மீட்டர். ஓரமாக ஒரு கார் நின்றால் அதற்கு 2 மீட்டர் போய்விடும். மிச்சமுள்ள 3.4 மீட்டரில் தீயணைப்பு வண்டி நுழைந்துவிடலாம். அதே நடைபாதைகளை 6 மீட்டர் தெருவில் விட்டால் மிஞ்சுவது 2.4 மீட்டர்தான். பெரிய வண்டிகளின் அகலமே சுமார் 2.5 மீட்டர். அதனால்தான் குறுகிய தெருக்களில் முதலில் காணாமல் போவது நடைபாதை.

இதற்கு மேல் வீட்டுக்கு வீடு படிக்கட்டையும் கார் ஏறும் சரிவையும் தெருவில் இறக்கிவிட்டால், பத்திரத்தில் உள்ள 30 அடி நேரில் 20 அடியாகிவிடும்.

முட்டுச்சந்து மனை வாங்கலாமா?

வாங்கலாம். வண்டி நடமாட்டம் குறைவு, குழந்தைகள் விளையாட இடம், அமைதி என்று நல்ல விஷயங்கள் உண்டு. ஆனால் தேசியத் தொகுப்பு சில நிபந்தனைகள் வைக்கிறது. முட்டுச்சந்தின் நீளம் பொதுவாக 150 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதிகபட்சம் 275 மீட்டர். கடைசியில் வண்டி திரும்ப 81 சதுர மீட்டருக்குக் குறையாத இடம் வேண்டும். அந்த இடத்தின் எந்தப் பக்கமும் 9 மீட்டருக்குக் குறையக் கூடாது.

இன்னொரு நிபந்தனை பலருக்குத் தெரியாது. தெரு முடியும் இடம், தொடங்கும் இடத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். காரணம் மழைநீர். முடியும் இடம் பள்ளமாக இருந்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கடைசி வீட்டு வாசலில் தேங்கும்.

அகலமாக இருந்தால் போதுமா?

போதாது. அகலமான, நீளமான நேர்ச்சாலை வேகத்தை வரவழைக்கும். பிறகு குடியிருப்போர் சேர்ந்து சிமென்டைக் கொட்டி ஆளுயர வேகத்தடை போடுவார்கள். முதுகு உடைவதுதான் மிச்சம். இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் வேகத்தடையோ 10 சென்டிமீட்டர்தான் உயரம், 3.7 மீட்டர் தூரத்துக்கு மெல்ல ஏறி இறங்கும்.

வேகமான போக்குவரத்தையும் வீட்டு வாசலையும் தொடக்கத்திலேயே பிரித்துவிடுவது இதைவிட நல்ல வழி. சண்டிகரில் லெ கொர்பூசியே செய்தது இதுதான். வி1 முதல் வி7 வரை ஏழு வகைச் சாலைகள். 800க்கு 1,200 மீட்டர் அளவிலான செக்டார்களைச் சுற்றி வேகச் சாலைகள் ஓடுகின்றன. வீட்டு வாசலுக்குப் போவது உள்ளே உள்ள சிறு தெருக்கள்.

நம் ஊர் லேஅவுட்களின் பெரிய சிக்கல் வேறு. ஒவ்வொருவரும் தங்கள் நிலத்துக்குள் மட்டும் தெரு போடுகிறார்கள். பக்கத்து லேஅவுட்டின் தெருவோடு அது சேர்வதில்லை. இருநூறு அடி தள்ளியிருக்கும் கடைக்கு மெயின் ரோட்டைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. குஜராத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் நகரமைப்புத் திட்டங்கள் இதற்கு ஒரு விடை. பல உரிமையாளர்களின் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் எடுத்துக்கொண்டு, மீதியைச் சீரான மனைகளாகத் திருப்பித் தருகிறார்கள். சாலைகள் ஒன்றோடொன்று இணைந்து போகின்றன.

பூங்காவும் சாலையும் யாருக்குச் சொந்தம்?

தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவிகிதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். அந்த இடத்தையும் சாலைகளையும் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு அது பொதுச் சாலை. கேட் போட்டுப் பூட்டிக்கொள்ளும் உரிமை யாருக்கும் கிடையாது.

பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தைப் பிறகு மாற்ற முடியுமா? பெங்களூரில் பூங்காவுக்கான ஓர் இடம் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கப்பட்டபோது, அந்தப் பகுதி மக்களே வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது.

2016ஆம் ஆண்டு ரெரா சட்டமும் துணைக்கு இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டங்களைப் பதிவு செய்தாக வேண்டும். அனுமதி பெற்ற லேஅவுட் திட்டத்தைப் பின்னால் மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

• வண்ண பிரோஷரை நம்பாதீர்கள். அனுமதி முத்திரையுள்ள லேஅவுட் வரைபடத்தைக் கேளுங்கள். ரெரா பதிவு இருந்தால் மாநில ரெரா இணையதளத்திலும் பார்க்கலாம்.
• டேப்போடு போங்கள். எல்லைக் கல்லுக்கு எல்லைக் கல் அளந்து, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.
• உங்கள் தெருவோடு நிற்காமல், லேஅவுட்டை மெயின் ரோட்டோடு இணைக்கும் சாலையையும் அளந்து பாருங்கள். உள்ளே 40 அடி, வெளியே 12 அடி என்றால் பயனில்லை.
• மூலை மனை என்றால், சந்திப்பில் வண்டிகள் தெரிவதற்காக முனையை வெட்டிவிட வேண்டியிருக்கும். அந்த முக்கோணம் போக மீதி எவ்வளவு என்று கேளுங்கள்.
• சர்வே எண்ணின் புலப்படத்தில் வாய்க்கால், ஓடை இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய் வாருங்கள்.
• சாலையும் பூங்காவும் ஒப்படைக்கப்பட்ட தானப்பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். ஒப்படைக்காத சாலை என்றால், தெருவிளக்குக்கும் குழிக்கும் உள்ளாட்சியிடம் கேட்டால் "அது எங்கள் ரோடு இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும்.

இவற்றில் ஒன்று சரியில்லை என்றால் பேரம் பேசி விலையைக் குறைக்கத் தோன்றும். குறைத்த விலை ஒருமுறை கிடைக்கும் லாபம். குறுகிய தெருவில் நீங்களும் உங்கள் பிள்ளைகளும் தினமும் போய் வர வேண்டும்.