80 புள்ளி எடுத்த கார்

கடைசிச் சோதனை எழுதிய அன்று கன்ரீனில் தொடங்கிய கதை, கடைசி பஸ் போன பிறகும் முடியவில்லை. யப்பான்காரர் இதுவரை செய்த கார்களில், யப்பான் காருக்கே அடையாளம் எண்டு எதைச் சொல்லலாம்? எங்களில் ஒருவரிடமும் கார் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் ஒரு கட்சி இருந்தது. நிசான் ஸ்கைலைன் ஜி.ரி.ஆர். எண்டு ஒரு பகுதி. ‘இனிஷியல் டி’ பார்த்து வளர்ந்த ஆக்கள் ஏ.ஈ.86 எண்டு இன்னொரு பகுதி. சுப்ரா, ஆர்.எக்ஸ்.7 எண்டு இடையிடையே வேறு பெயர்களும் வந்து விழுந்தன. ஒருத்தி மட்டும் தேத்தண்ணிக் கோப்பையை வைச்சிட்டு, “டொயோட்டா கொரொல்லா” எண்டாள். எல்லாரும் சிரிச்சம். அவளுடைய அப்பா ஹயர் ஓடுற கார் அது.

சிரிச்சு முடிய எங்களுக்கே ஒரு மாதிரி இருந்தது. அரசர்களின் பெயர்களும் போர்த் திகதிகளும் மட்டும்தானா வரலாறு எண்டு வகுப்பில் கை உயர்த்திக் கேட்கிற ஆக்கள் நாங்கள். கார் எண்டு வந்தவுடன் நாங்களும் அரசர்களைத்தான் தெரிவு செய்திருந்தோம். ஆகவே லீவில் ஆளுக்கொரு காரை எடுத்து வாசித்தோம். அதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஸ்கைலைன், அதன் கட்சிதான் பெரிது. ஸ்கைலைன் ஆரம்பத்தில் நிசானின் கார் இல்லை. பிரின்ஸ் என்ற சிறிய கம்பனி செய்த குடும்பக் கார். 1964 மே மாதம் சுசுக்காவில் நடந்த இரண்டாவது யப்பான் கிராண்ட் பிறீ ஓட்டத்துக்காக, பிரின்ஸ் தன் காரின் மூக்கை 200 மில்லிமீற்றர் நீட்டி, அதற்குள் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை இறக்கியது. எதிரே நின்றதோ ஜேர்மனியின் பொர்ஷே 904. ஓட்டப் போட்டிக்கெண்டே பிறந்த கார் அது. ஒரே ஒரு சுற்றில், இக்குசாவா தெத்சு ஓட்டிய ஸ்கைலைன் பொர்ஷேக்கு முன்னால் வந்தது. கடைசியில் வென்றது பொர்ஷேதான். ஆனால் சனம் ஞாபகம் வைத்தது அந்த ஒரு சுற்றை. ஸ்கைலைனின் புகழ் ஒரு தோல்வியில் தொடங்கியது.

1966இல் பிரின்ஸ் நிசானோடு சேர்க்கப்பட்டது. 1969இல் முதலாவது ஜி.ரி.ஆர். வந்தது. 1973இல் வந்த இரண்டாவது, வெறும் 197 கார்களோடு நின்றுபோனது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய காலம் அது. பிறகு 16 வருடம் அந்தப் பெயரில் கார் இல்லை. 1989இல் ஆர்32 எண்ட இலக்கத்தோடு திரும்பி வந்தபோது, யப்பானின் ரூறிங் கார் தொடரில் 1990 முதல் 1993 வரை நடந்த 29 ஓட்டங்களிலும் வென்றது. அவுஸ்திரேலியச் சஞ்சிகை ஒன்று அதற்கு ‘கொட்ஸில்லா’ எண்டு பெயர் வைத்தது. இப்படிப்பட்ட காரோடு வாதாடுவது கஷ்டம்தான்.

ஏ.ஈ.86இன் கதை வேறு. 1983இல் வந்த இந்த 1600 சிசி கார் பெரிய விலைக் கார் இல்லை. அதை உலகத்துக்குக் கொண்டுபோனது 1995இல் சிகெனோ சுயிச்சி வரையத் தொடங்கிய ‘இனிஷியல் டி’ சித்திரக்கதை. அப்பாவின் டோஃபு கடைச் சாமானை விடியப்புறம் மலைப்பாதையில் கொண்டுபோய்க் கொடுக்கிற பொடியன், தன்ர பழைய காரில் ஜி.ரி.ஆர். வைத்திருப்பவனையும் வெல்கிறான். காசில்லாதவன் திறமையால் வெல்கிற கதை எங்களுக்குப் பிடிக்காமல் போகுமா?

ஆனால் வாசிக்கும்போது ஒரு சின்ன விசயம் கண்ணில் பட்டது. ஏ.ஈ.86 எண்டது காரின் பெயர் இல்லை, கம்பனியின் உள் இலக்கம். அந்த இலக்கத்துக்குரிய கார்கள் இரண்டு. ஒன்று ஸ்பிரின்டர் ட்ருவெனோ. மற்றது கொரொல்லா லெவின். ஸ்பிரின்டரும் கொரொல்லாவின் கூடப்பிறந்ததுதான். நாங்கள் எந்தப் பெயருக்குச் சிரித்தோமோ, அந்த வீட்டுப் பிள்ளையைத்தான் அலைபேசித் திரையில் படமாக வைத்திருந்தோம்.

சரி, கொரொல்லாவுக்கு வருவோம். அதன் கதையை அது வந்த 1966இல் தொடங்கினால் விளங்காது. 1950இல் டொயோட்டா வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. ஆட்குறைப்பு, நீண்ட வேலைநிறுத்தம், கடைசியில் நிறுவனர் டொயோடா கீச்சிரோவே பதவி விலகினார். அதே ஜூன் மாதம் கொரியப் போர் தொடங்கியது. அமெரிக்க இராணுவம் லொறிகளுக்கு ஓடர் கொடுத்தது. கம்பனி தப்பியது. பக்கத்து நாடு எரிந்த நெருப்பில் இந்த நாட்டின் உலை கொதித்தது எண்டதை எங்கட கட்சிக்காரரும் மறைக்கக்கூடாது.

1955இல் யப்பானின் வர்த்தக, கைத்தொழில் அமைச்சிலிருந்து ‘மக்கள் கார்’ என்ற திட்டம் ஒன்று வெளியே வந்தது. மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடவேண்டும், விலை 250,000 யென்னுக்குள் இருக்கவேண்டும். அந்த எண்ணத்தின் வழியில் டொயோட்டா 1961இல் பப்ளிக்கா என்ற 700 சிசி காரை விட்டது. விலை 389,000 யென். மலிவு, உறுதி, சிக்கனம். ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. ஒன்றுமே இல்லாத வெறும் காராக அது இருந்ததுதான் காரணம். முதல் தடவையாகக் கார் வாங்குகிற குடும்பம் தன்னுடைய ஏழ்மையை வாசலில் நிறுத்தி வைக்க விரும்பவில்லை.

இந்தப் பாடத்தைப் படித்தவர் பப்ளிக்காவையும் பிறகு கொரொல்லாவையும் வடிவமைத்த ஹசெகாவா தத்சுவோ. இவர் போர்க்காலத்தில் தச்சிக்காவா விமானக் கம்பனியில் கி-94 என்ற சண்டை விமானத்தை வடிவமைத்தவர். 1945இல் தோற்ற யப்பானுக்கு விமானம் செய்யத் தடை வந்தது. விமானப் பொறியியலாளர்கள் வேலை தேடிக் கார்ப் பக்கம் வந்தார்கள். இங்கேதான் எங்கட இரண்டு கட்சியும் ஒரே வாசலில் வந்து நின்றன. ஸ்கைலைனைச் செய்த பிரின்ஸ் கம்பனியும் இதே தச்சிக்காவாவின் ஆட்களிலிருந்து வளர்ந்ததுதான். அரசனும் குடியானவனும் ஒரே கொட்டிலில் பிறந்திருக்கிறார்கள்.

ஹசெகாவாவின் கொள்கைக்கு ‘80 புள்ளி’ எண்டு பெயர். ஒரு பாடத்தில் 100 எடுத்து மற்றதில் சறுக்குகிற காராக இருக்கக்கூடாது. எல்லாவற்றிலும் 80. அதற்கு மேல் சிலவற்றில் 90ஐத் தாண்டி, வாங்குகிறவர் மனம் மகிழ ஏதோ ஒன்று இருக்கவேண்டும். சோதனை எழுதிக் களைத்திருந்த எங்களுக்கு இது உடனே விளங்கியது.

1966 ஏப்ரலில் நிசான் 1000 சிசி சன்னியை விட்டது. டொயோட்டா தன் காரின் எஞ்சினை 1100 சிசியாகப் பெருப்பித்து, நவம்பரில் 432,000 யென்னுக்குக் கொரொல்லாவைக் கொண்டுவந்தது. ‘100 சிசி கூடுதல்’ எண்டதுதான் விளம்பரமே. 1970இல் நிசான் 1200 சிசி சன்னியைச் செய்து, பக்கத்துக் கார் சிறிதாகத் தெரிகிறது எண்ட மாதிரி விளம்பரத்தால் பதில் சொன்னது. எங்கட ஊரில் மதில் கட்டுகிற போட்டியைப் பார்த்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1969இல் டோக்கியோவிலிருந்து நகோயாப் பக்கம் போகிற தோமெய் நெடுஞ்சாலை முழுதாகத் திறக்கப்பட்டது. கார், குளிரூட்டி, கலர் டிவி மூன்றும் ஒரு குடும்பத்தின் கனவாக இருந்த காலம் அது.

இதில் நிறுத்தினால் இது டொயோட்டாவின் விளம்பரமாகிவிடும். 1970இல் யப்பானின் வீதிகளில் 16,765 பேர் இறந்தார்கள். இதுவரை அந்த நாட்டில் ஒரு வருடத்துக்குரிய ஆகக்கூடிய எண்ணிக்கை அது. பத்திரிகைகள் அதைப் ‘போக்குவரத்துப் போர்’ எண்டு எழுதின. அதே வருடம் ஜூலையில் டோக்கியோவின் சுகினாமியில், விளையாட்டுத் திடலில் நின்ற பாடசாலை மாணவிகள் புகைமூட்டத்தால் கண் எரிந்து, மூச்சுத் திணறி விழுந்தார்கள். 1972இல் கமாத்தா சதோஷி எண்ட பத்திரிகையாளர் டொயோட்டாவில் ஆறு மாதப் பருவத் தொழிலாளியாகச் சேர்ந்தார். ஓடுகிற பட்டிக்கு ஈடுகொடுத்து உடம்பு தேய்கிற நாட்களை அவர் எழுதி, அடுத்த வருடம் புத்தகமாக்கினார். தலைப்பிலேயே அதை நிராசைத் தொழிற்சாலை எண்டார். மலிவான, நம்பகமான கார் ஒன்றின் விலையில் யாருடைய முதுகு சேர்ந்திருக்கிறது எண்டு அந்தப் புத்தகம் கேட்டது.

கடல் கடந்தும் இந்தக் கதைக்கு ஒரு இருண்ட பக்கம் உண்டு. கொரொல்லா 1968இல் அமெரிக்காவுக்குப் போனது. 1973இல் எண்ணெய் விலை ஏற, பெற்றோல் குறைவாகக் குடிக்கிற யப்பான் கார்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. டெட்ரோயிட்டில் வேலைகள் போயின. தொழிற்சங்கக்காரர் யப்பான் கார்களைப் பெரிய சுத்தியலால் அடித்து நொறுக்கிக் காட்டினார்கள். 1982இல் அந்த நகரத்துக்குப் பக்கத்தில் வின்சன்ட் சின் என்ற இளைஞனை, கார்த் தொழிலோடு சம்பந்தப்பட்ட இரண்டு பேர் அடித்துக் கொன்றார்கள். அவன் யப்பான்காரனும் இல்லை, சீன வம்சாவளி அமெரிக்கன். முகத்தைப் பார்த்துக் குற்றவாளி ஆக்கினார்கள். கொன்றவர்கள் ஒரு நாளும் சிறையில் தண்டனை அனுபவிக்கவில்லை. இப்படியான கதைகள் எங்களுக்கு அந்நியமானவை இல்லை.

1997இல் கொரொல்லா விற்பனையில் ஃபொக்ஸ்வாகன் பீட்டிலை முந்தியது. 2021இல் 5 கோடியைத் தாண்டியது. இதற்கு ஜி.ரி.ஆர். கட்சி ஒரு நியாயமான மறுப்புச் சொன்னது. பீட்டில் கடைசிவரைக்கும் ஏறக்குறைய ஒரே கார். கொரொல்லாவோ ஒரே பெயரில் 12 தலைமுறை. பெயரைத்தான் எண்ணுறீங்கள், காரை இல்லை எண்டார்கள். ஒத்துக்கொள்கிறோம். எண்ணிக்கையை வைத்து நாங்கள் வாதாடவும் இல்லை.

எங்கட வாதம் இவ்வளவுதான். ஆகப் பிடித்த கார் எது எண்டு கேட்டால் ஆளுக்கொரு பதில் இருக்கலாம். அடையாளம் எண்டு கேட்டால், ஒரு காலத்தின் நல்லதும் கெட்டதும் எந்தக் காரில் ஆகக்கூடுதலாக ஏறியிருக்கிறது எண்டு பார்க்கவேண்டும். ஜி.ரி.ஆரை வைத்து யப்பானின் ஆசையை எழுதலாம். கொரொல்லாவை வைத்துப் போரை, தோல்வியை, குடும்பத்தை, வீதியை, தொழிலாளியை, வெறுப்பை எல்லாம் எழுதவேண்டி வருகிறது.

இங்கேயும் அப்படித்தான். யப்பானில் புதுக் காருக்கு மூன்று வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருக்காலும் காசு செலவழிச்சுப் பரிசோதனை செய்யவேணும். அதனால் நல்ல நிலையிலேயே கைமாறுகிற கார்கள், எங்களைப் போல இடப்பக்கத்தால் ஓடுகிற நாடுகளுக்குக் கப்பலேறின. டி.எக்ஸ். வாகன், 110, 121, 141 எண்டு எங்கட ஆக்கள் இலக்கத்தைச் சொன்னாலே கொரொல்லா எண்டு விளங்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனதை எல்லாரும் பார்த்தோம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிச்சு, கன்ரீனில் கொரொல்லா எண்டவளிடம் வாசிக்கக் கொடுத்தோம். ஹசெகாவாவின் 80 புள்ளியை அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் யோசிச்சிட்டு, “புள்ளி தெரியாது பிள்ளை. நடுறோட்டில நிண்டாலும் எந்த ஊர்க் கடையிலயும் சாமான் எடுக்கலாம்” எண்டாராம். ஜி.ரி.ஆர். கட்சிக்காரன் இன்னும் மாறவில்லை. ஆனால் அண்டைக்கு வீட்டை போக அவளின் அப்பாவின் காரில்தான் அவனும் ஏறினான்.