லைசென்ஸ்–பர்மிட்–கோட்டா முறை

இந்தியாவில் தனியார் தொழில் தொடங்குவதையும் விஸ்தரிப்பதையும், அதற்கு வேண்டிய இயந்திரங்களையும் மூலப்பொருள்களையும் இறக்குமதி செய்வதையும், மூலதனம் திரட்டுவதையும் மத்திய சர்க்காரின் முன்னனுமதிக்கு உட்படுத்திய சட்டங்களும் நடைமுறைகளும் சேர்ந்த அமைப்பு. 1951 முதல் 1991 வரையிலான நாற்பதாண்டுகளை அதன் ஆட்சிக் காலம் எனலாம். இப்பெயரை நாடறியச் செய்தவர் இராஜாஜி. 1959-ல் தாம் முன்னின்று தொடங்கிய சுதந்திராக் கட்சியின் பிரதான ஆயுதமாகவே அவர் அதைக் கையாண்டார்.

இதன் வித்து இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு 1940-லும், புதிய பங்கு வெளியீட்டுக் கட்டுப்பாடும் துணிக் கட்டுப்பாடும் 1943-லும் வந்தன. போரோடு ஒழியும் என்று வணிகர்கள் நம்பியிருந்த இவற்றுள் முதலிரண்டும் 1947-ல் தனிச் சட்டங்களாக நிலைபெற்றன. இக்கட்டுப்பாடுகளைத் தொழிலதிபர்கள் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தனர் என்பது முற்றும் பொருந்தாது. ஜே. ஆர். டி. டாட்டா, ஜி. டி. பிர்லா, புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் முதலானோர் 1944-ல் வெளியிட்ட பம்பாய்த் திட்டமே பொருளாதாரத்தில் சர்க்காரின் விரிவான தலையீட்டை ஏற்றிருந்தது. அஃது உண்மையான உடன்பாடா, வரவிருந்த சோஷலிஸக் காற்றுக்கு முன்னதாகவே வளைந்து கொடுத்த சாதுரியமா என்பதில் ஆசிரியர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு.

1951-ஆம் ஆண்டின் தொழில்கள் (அபிவிருத்தி, ஒழுங்குமுறை) சட்டம் 1952 மே 8 முதல் அமலுக்கு வந்தது. அட்டவணையிற் கண்ட தொழில்களில் புதிய ஆலை அமைக்கவும், உள்ள ஆலையைக் கணிசமாகப் பெருக்கவும், புதுப் பொருள் ஒன்றைச் செய்யவும், இடம் மாற்றவும் லைசென்ஸ் வேண்டும் என்று அது விதித்தது. 1956 ஏப்ரல் 30-ன் தொழிற்கொள்கைத் தீர்மானம் பதினேழு தொழில்களின் எதிர்கால வளர்ச்சியைச் சர்க்காரின் பொறுப்பாக்கிற்று. அடுத்த ஆண்டில் முற்றிய அந்நியச் செலாவணி நெருக்கடியோ, அதுவரை கொள்கையளவில் நின்ற கட்டுப்பாட்டை அன்றாட வாழ்வின் அங்கமாக்கிவிட்டது.

ஒரு விண்ணப்பம் சென்ற வழியைச் சற்று விரித்துரைப்பது தகும். தொழில் அமைச்சகத்துக்கு வந்த மனு, தொழில்நுட்ப அபிவிருத்தி இயக்குநரகத்துக்கும், சம்பந்தப்பட்ட மாகாண சர்க்காருக்கும், வேறு அமைச்சகங்களுக்கும் பிரதிகளாகப் போய், அவரவர் குறிப்புக்களைச் சுமந்து லைசென்ஸ் கமிட்டியின் முன் வரும். அங்கே தேறினால் கிடைப்பது இசைவுக் கடிதமேயன்றி லைசென்ஸ் அன்று. அக்கடிதத்தைக் கையிற்கொண்டு, அந்நியக் கூட்டுறவுக்கு ஒரு குழு, இயந்திர இறக்குமதிக்கு ஒரு குழு, பங்கு வெளியீட்டுக்கு ஒரு கட்டுப்பாட்டு அதிகாரி என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, யாவும் கைகூடிய பின்னரே லைசென்ஸ் பிறக்கும். ஆலை ஓடத் தொடங்கிய பின்னும், உதிரி பாகங்களுக்கும் மூலப்பொருளுக்கும் இறக்குமதி அனுமதி நாடி மீண்டும் மனுச் செய்ய வேண்டும். அப்பொருள் உள்நாட்டில் கிடைப்பதில்லை என்ற சான்று அதற்கு அவசியம். கிடைக்கும் பொருளின் விலை பன்மடங்கா, தரம் தாழ்வா என்பன பெரும்பாலும் கேள்வியாகவே எழுவதில்லை. எப்பண்டம் யாருக்கு எவ்வளவு வரலாம் என்பதைப் பகுத்துரைத்த இறக்குமதிக் கொள்கை நூல் ‘சிவப்புப் புத்தகம்’ என்று வணிகர் வழக்கில் பெயர் பெற்றிருந்தது. அதன் உட்பிரிவுகளை வேதபாடம்போல் ஒப்பிக்க வல்லவர்களுக்குக் கம்பெனிகளில் இன்ஜினீயரினும் மதிப்பு மிகுந்திருந்தது வியப்பன்று. பெரிய குழுமங்கள் டில்லியிலேயே பிரதிநிதிகளை அமர்த்திக்கொண்டன. கோயமுத்தூரிலோ லூதியானாவிலோ சிறு பட்டறை வைத்திருந்தவருக்கு அவ்வசதி ஏது?

துணித் தொழில் இம்முறையின் விசித்திரங்களைத் துலக்கமாகக் காட்டுவது. கைத்தறியைக் காக்கும் உத்தேசத்துடன் 1956-ல் ஆலைத் தறிகளின் எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. அவ்விடைவெளியில் செழித்ததோ கைத்தறியைவிட விசைத்தறியே. பீவண்டியிலும் இச்சல்கரஞ்சியிலும், பின்னாளில் நம் சோமனூர், பள்ளிபாளையம் வட்டாரங்களிலும் அது பெருகிற்று. இராஜாஜி சென்னை மாகாண முதன்மந்திரியாக இருந்த 1952-ல் உணவுத் தானியக் கட்டுப்பாட்டை ஒரே அடியாக நீக்கிப் புகழ் பெற்றார். அவரேதான் அக்காலத்தில் வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டுமென்று மத்திய சர்க்காரை வற்புறுத்தியவர். அப்போது அங்கே வர்த்தக, தொழில் மந்திரியாக இருந்தவர் மற்றொரு சென்னைக்காரரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி. இம்முரண்பாட்டை இராஜாஜியின் சரிதையாளர் சிலர் விளக்க முற்படுவர். சிலர் கடந்து போவர்.

லைசென்ஸ் பெருமுதலாளிகளைக் கட்டுப்படுத்தும் என்ற எதிர்பார்ப்பு 1960-களில் சோதனைக்குள்ளாயிற்று. திட்டக் கமிஷனுக்காக ஆர். கே. ஹஸாரி 1967-ல் அளித்த அறிக்கை, பிர்லா குழுமத்தார் ஒரே பொருளுக்குப் பல மனுக்கள் செய்ததையும், பெற்ற அனுமதிகளுட் பலவற்றைச் செயற்படுத்தாது வைத்திருந்ததையும் எடுத்துக்காட்டிற்று. பயன்படாத லைசென்ஸும் பயனுடையதே, அது பிறர் நுழைவைத் தடுக்குமாதலால். சுபிமல் தத் கமிட்டியும் 1969-ல் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தது. எனினும் இதிலிருந்து பெறப்பட்ட பாடம் லைசென்ஸைக் குறைப்பதாக இல்லை. அதே ஆண்டு பதினான்கு வங்கிகள் தேசியமயமாயின. ஏகபோகத் தடைச் சட்டம் நிறைவேறி, 20 கோடி ரூபாய்க்கு மேல் சொத்துள்ள நிறுவனங்களை மேலுமொரு அனுமதிக்கு உட்படுத்திற்று.

1973-ன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் தொடர்ந்து கோக்கோ கோலாவும் ஐ.பி.எம்.மும் 1977–78-ல் வெளியேறின. சிறுதொழிலுக்கு ஒதுக்கிய பண்டங்கள் 1967-ல் 47 ஆக இருந்து பின்னர் எண்ணூறைக் கடந்தன. ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டியவர் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க, ஓட்டிப் பழகிய வண்டி புதுவண்டியின் விலையினும் அதிகத்துக்குக் கைமாறிய காலம் இது.

1980-களில் சில தளர்வுகள் வந்தன. ஏகபோகச் சட்டத்தின் வரம்பு 1985-ல் 100 கோடியாக உயர்ந்தது.

1991-ல் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை நேர, ஜூலை 24 அன்று வெளியான தொழிற்கொள்கை பதினெட்டுத் தொழில்கள் நீங்கலாக ஏனையவற்றுக்கு லைசென்ஸை அகற்றிற்று. தொழில் இலாகா அப்போது பிரதமர் நரசிம்ம ராவின் பொறுப்பிலேயே இருந்தது. வளர்ச்சியின் திருப்புமுனை இவ்வாண்டா, அதற்குப் பத்தாண்டு முந்தியதா என்பது பொருளியலாரிடை இன்றும் விவாதத்துக்குரியது. 1950 முதல் 1980 வரை ஆண்டுக்குச் சுமார் 3.5 சதவீதமாக நின்ற மந்தமான வளர்ச்சிக்கு லைசென்ஸ் முறையே காரணம் என்பாரும், மின்சாரம், போக்குவரத்து, கல்வி ஆகியவற்றின் குறையே பிரதானம் என்பாரும் உளர். அந்த வேகம்கூட நூற்றாண்டின் முற்பாதியினும் மிக்கது என்பதை இருசாராரும் மறுப்பதில்லை.

நுகர்பொருள் இறக்குமதித் தடைகள் 2001 ஏப்ரலில் நீங்கின. சிறுதொழில் ஒதுக்கீட்டுப் பட்டியலின் கடைசி இருபது பண்டங்கள் 2015-ல் விடுவிக்கப்பட்டன. ஊறுகாய், ரொட்டி, மெழுகுவத்தி, ஊதுவத்தி, கண்ணாடி வளையல், பூட்டு ஆகியவற்றோடு சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும் அவற்றுள் அடங்கும். 2023-ல் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 சட்டங்களில் சிறு குற்றங்களுக்கான தண்டனைப் பிரிவுகளைத் தளர்த்திற்று. நிலம், கட்டடம், மின் இணைப்பு, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கான அனுமதிகள் மாநிலங்களின் வசமே பெரும்பாலும் உள்ளன.