பாட்டியோட மருதாணியும் எங்க வீட்டுச் சாமந்தியும்

ரெண்டு மாசமா இங்க எதுவும் எழுதல. வீட்டம்மாவுக்கு கை சரியில்ல. பாத்திரம் கழுவுறது, துணி அலசுறது, பால் கறக்கறது எல்லாம் என் தலையில விழுந்துடுச்சு. அவளுக்கு உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் முதல்ல அரிப்பு வரும். அப்புறம் பொடிப்பொடியா நீர்க்கொப்புளம். அது உடைஞ்சா தோல் பாளம் பாளமா வெடிச்சிடும். மூணு வருஷமா இந்தக் கதைதான். எங்க பக்கம் இதுக்குப் பேரு கரப்பான். டாக்டர் சீட்டுல எக்ஸிமான்னு இருக்கு.

இந்த மூணு வருஷத்துல நாங்க பூசாத மருந்து இல்ல. ஒவ்வொண்ணும் யாரோ ஒரு பெரியவங்க சொன்னதுதான். அதுல எதுவும் பொய்யில்ல, ஆனா எங்களுக்கு எதுவும் கேட்கல. ஏன்னு யோசிச்சப்பதான் இந்த மருந்தெல்லாம் எப்ப, எந்த நோவுக்கு வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். எங்க அம்மாவுக்கு எண்பது தாண்டிடுச்சு. பாதி விஷயம் அவங்க வாயால கேட்டது.

அம்மா காலத்துல கை நோவுன்னா சேற்றுப்புண்தான். எங்க ஏரிப் பாசனத்துல நெல்லு நட்ட காலம். காலையில சேத்துல இறங்கினா பொழுது சாயத்தான் கரை ஏறுவாங்க. விரல் இடுக்கு வெள்ளையா ஊறிப்போய், தோல் உரிஞ்சு, எரிச்சல் எடுக்கும். அதுக்கு முன்கூட்டியே வைத்தியம் வெச்சிருந்தாங்க. நடவு தொடங்க நாலு நாள் இருக்கும்போதே பாட்டி அம்மியில மருதாணி அரைச்சு, பொம்பளைங்க எல்லாரும் கை விரல், கால் விரல் இடுக்குன்னு அப்பிக்குவாங்க. அழகுக்குன்னுதான் நான் நெனச்சிருந்தேன். நடவுக்குப் போறவங்களுக்கு அது கவசம். மருதாணியில இருக்கிற சாயம் தோலோட ஒட்டிக்கும், பூஞ்சைக் காளானையும் கொஞ்சம் அடக்கும்னு இப்ப படிச்சேன். சாயங்காலம் வந்ததும் வெந்நீருல கழுவி, நல்லா துடைச்சு, வேப்பெண்ணெயில மஞ்சள் குழைச்சுத் தடவுவாங்க. தை மாசப் பனியில வர்ற வெடிப்புக்கு விளக்கெண்ணெய். குப்பைமேனி இலையும் உப்பும் சேர்த்து அரைச்சுப் பூசுறது சொறி சிரங்குக்கு. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில போட்டு வெயில்ல வெச்சா எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். அது செதில் செதிலா உதிர்ற படைக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கு பாருங்க.

இன்னொரு கணக்கும் இருந்துச்சு. சேராங்கொட்டைப் பால் பட்டா தோல் வெந்துடும்னு அவங்களுக்குத் தெரியும். அதுக்கு எண்ணெய் தேடுறதுக்கு முன்னாடி, அந்த மரத்துப் பக்கம் போகாதேன்னுதான் சொல்லுவாங்க. துணியில குறி போட வண்ணார் அந்தக் கொட்டைச் சாறைத்தான் பயன்படுத்தினாங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, சட்டையில அந்தக் குறி பட்ட இடத்துல எல்லாம் புண்ணு. 1943-ல அவங்க டாக்டருங்க அதை ஒரு நோயாவே எழுதி வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல ஆடு மேய்க்கிற பையனைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பான்!

அப்புறம் காலம் மாறுச்சு. ஏரி வத்திப்போச்சு, நெல்லு போச்சு. போர் போட்டு தக்காளி, சாமந்தின்னு மாறினோம். சாம்பலும் புளியும் போய், பாத்திரத்துக்கும் துணிக்கும் சோப்புத்தூள் வந்துச்சு. (சாம்பலும் கையை அரிக்கும்தான், இல்லேன்னு சொல்லல.) கூடவே பார்த்தீனியம் வந்துச்சு. புனே பக்கம் 1955-ல அதைப் பார்த்ததா பதிவு இருக்கு. அமெரிக்கக் கோதுமை மூட்டையோட வந்ததுன்னு சொல்றவங்க உண்டு. எப்படி வந்திருந்தாலும், அடுத்த இருபது வருஷத்துக்குள்ள அந்தச் செடியால தோல் வெந்தவங்களைப் பத்தி புனே டாக்டருங்க எழுத ஆரம்பிச்சுட்டாங்க. பிடுங்குற கைக்கு மட்டும் இல்ல, காத்துல பறக்குற தூசி பட்டே கழுத்து, கண் இமை, முழங்கை மடிப்பு எல்லாம் அரிப்பு எடுக்கும். 1984-ல மெக்சிகோவுல இருந்து கொண்டுவந்த ஒரு வண்டை பெங்களூருல விட்டாங்க. மழைக்காலத்துல எங்க வயல் வரப்புலயும் அது இலையைத் தின்னுறதைப் பார்க்கிறேன். வெயில் வந்தா வண்டு மண்ணுக்குள்ள போயிடும், செடி அடுத்த மழைக்கு மறுபடி முளைச்சிடும்.

பாட்டியோட எண்ணெயும் இலையும் இந்தப் புது நோவுக்கு வந்த மருந்து இல்ல. இது எங்களுக்குப் புரியவே மூணு வருஷம் ஆச்சு.

அதுக்குள்ள பட்ட பாட்டைச் சொல்லணும். ஒரு சொந்தக்காரர் சொன்னாருன்னு பச்சைப் பூண்டை நசுக்கிக் கையில வெச்சு ராத்திரி துணி கட்டிவிட்டது நான்தான். விடிஞ்சு அவிழ்த்துப் பார்த்தா தீயில சுட்ட மாதிரி கொப்புளம். அன்னைக்கு அவ ஒரு வார்த்தை பேசல. பூண்டு தோலைச் சுடும், அதுவும் வெடிச்ச தோல்ல வைக்கவே கூடாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எலுமிச்சம் பழமும் அப்படித்தான்.

அடுத்து மருந்துக்கடை டியூப். மூணே நாள்ல அரிப்பு நின்னுடுச்சு, தெய்வமேன்னு இருந்துச்சு. அந்த ஸ்டீராய்டு களிம்புக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1952-ல அமெரிக்காவுல சுல்ஸ்பெர்கர், விட்டன்னு ரெண்டு டாக்டருங்க ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோல்ல பூசினா எக்ஸிமா அடங்குதுன்னு கண்டாங்க. நல்ல மருந்துதான், டாக்டர் சொன்ன அளவுக்கு, சொன்ன நாளுக்கு. நாங்க சீட்டே இல்லாம ஒரு வருஷம் வாங்கிப் பூசினோம். கை தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆயிடுச்சு. நிறுத்தினா முன்னைவிட அதிகமா வந்துச்சு. இந்த மாதிரி பதினாலு ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2018-லயே அரசு சொல்லியிருக்கு. எங்ககிட்ட யாரும் சீட்டு கேட்கல, நாங்களும் கேட்டுக்கல.

கடைசியா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதுகுல சின்னச் சின்னப் பட்டையா ஒட்டி, தண்ணி படாம ரெண்டு நாள் இருக்கச் சொன்னாங்க. எடுத்துப் பார்த்தப்ப ரெண்டு இடம் சிவந்திருந்துச்சு. ஒண்ணு பார்த்தீனியம், இன்னொண்ணு சாமந்தி. ரெண்டும் ஒரே குடும்பச் செடியாம். ஒண்ணு ஒத்துக்காதவங்களுக்கு மத்ததும் ஒத்துக்காம போகலாமாம். பதினஞ்சு வருஷமா விடியக்காலம் நாலு மணிக்கு அவ பறிச்ச பூவுலதான் ரெண்டு பிள்ளைங்க படிச்சாங்க. டாக்டர் சொன்னதும் அவ கேட்ட முதல் கேள்வி, அப்ப பூவை யாரு பறிக்கிறதுன்னு.

பெங்களூருல கொத்தனார் வேலை பார்க்கிற என் மச்சானுக்கும் கை இப்படித்தான். அவருக்கு சிமெண்ட். ஈர சிமெண்ட்ல இருக்கிற குரோமியம்தான் காரணமாம். டென்மார்க்ல 1981-லயே சிமெண்ட்ல அன்னபேதி கலந்து அந்த விஷத்தை முறிச்சிருக்காங்க. பயிர் மஞ்சளிச்சா நாம தெளிக்கிறோமே, அதே அன்னபேதி! அவரும் இத்தனை வருஷமா ராத்திரி வேப்பெண்ணெய் தடவிக்கிட்டு, காலையில அதே கலவையைக் கையால அள்ளிக்கிட்டு இருந்திருக்கார்.

அரை ஏக்கர் சாமந்தியைப் போன மாசம் உழுதுட்டேன். சம்பங்கிக் கிழங்கு வெச்சிருக்கேன், வருமானம் வர நாள் ஆகும். வரப்புப் பார்த்தீனியத்தைப் பூ விடறதுக்கு முன்னாடி நானே பிடுங்குறேன், கைக்கு உறை போட்டு, முகத்துக்குத் துணி கட்டி. அவ கைக்கு டாக்டர் கொடுத்த களிம்பு பத்து நாள் மட்டும். மத்தபடி கை கழுவி, ஈரம் முழுசா காயறதுக்குள்ள வாசலின், இல்லேன்னா நம்ம செக்குத் தேங்காய் எண்ணெய். வேற எதுவும் கலக்கறதில்ல.

மருதாணி மட்டும் அரைச்சு வைக்கட்டுமான்னு அம்மா இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. வெடிப்பெல்லாம் ஆறட்டும்னு சொல்லியிருக்கேன். முந்தாநாள் ராத்திரி வீட்டம்மா அவ கையாலயே களி உருட்டி வெச்சா.