வல்லுநர் சாட்சியம் யாருடைய சுமை? மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளின் வரலாற்றில் ஆந்திரத்தின் இடம்

2002 ஜூலை 20 அன்று ஆந்திர அரசின் மலேரியாத் துறையில் அலுவலராக இருந்த ஒருவர், விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடும் குளிர் நடுக்கத்தோடும் இருந்த தம் மனைவியை நிகில் சூப்பர் ஸ்பெஷாலிட்டி மருத்துவமனையில் சேர்த்தார். அங்கே டைபாய்டுக்கே சிகிச்சை நடந்தது. நான்கு நாள் கழித்து, கைமீறிய நிலையில், வேறொரு மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட அப்பெண் அங்கே இறந்தார். அங்கு நடந்த இரத்தப் பரிசோதனையில் மலேரியா ஒட்டுண்ணி இருப்பது தெரியவந்தது. மலேரியாவையே தொழிலாகக் கொண்டவரின் வீட்டில் மலேரியாவுக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. எனினும் இவ்வழக்கு நினைவுகூரப்படுவது அந்த முரணுக்காக அன்று. வல்லுநர் சாட்சியம் பற்றி அது எழுப்பிய கேள்விக்காக.

மாவட்ட நுகர்வோர் மன்றம் 2 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. மருத்துவமனைத் தரப்பு மருத்துவரே ‘மலேரியாவுக்கு நான் சிகிச்சை அளிக்கவில்லை’ என்ற பொருள்படச் சாட்சியம் அளித்திருந்தது மன்றத்துக்குப் போதுமானதாக இருந்தது. மேல்முறையீட்டில் ஆந்திர மாநில ஆணையம் அதனைத் தள்ளுபடி செய்தது. மனுதாரர் வல்லுநர் எவரையும் சாட்சியாக நிறுத்தவில்லை என்பதே காரணம். தேசிய ஆணையமும் அவ்வாறே கருதியது.

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். வல்லுநரின் கருத்து சாட்சியமாக ஏற்கப்படலாம் என்பதை ஆங்கிலேயச் சட்டம் 1782இல், ஒரு துறைமுகத்தில் வண்டல் படிந்தது ஏன் என்ற வழக்கில், தெளிவாக்கியது. அதுவே 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவாக இங்கு வந்தது; இன்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 39ஆம் பிரிவாக நிற்கிறது. அப்பிரிவின் சொற்களை ஊன்றிப் படித்தால், நீதிமன்றம் ஒரு கருத்தை உருவாக்க வேண்டியிருக்கும்போது வல்லுநரின் கருத்து ‘பொருந்தும் சங்கதி’ என்றே அது கூறுகிறது. வல்லுநர் இன்றி வழக்கே இல்லை என்று எங்கும் கூறவில்லை.

குற்றவியல் வழக்கில் அரசு தன் வல்லுநரைத் தானே வைத்திருந்தது. சென்னையில் இரசாயனப் பரிசோதகர் அலுவலகம் 1849லேயே தோன்றிவிட்டது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திரம் பிரியும்வரை அதே சென்னை மாகாணத்தின் பகுதியாகவே இருந்தது. உரிமையியல் வழக்காடும் தனிமனிதருக்கோ அத்தகைய அலுவலகம் ஏதும் இல்லை. வல்லுநரை அவரே தேடிக்கொள்ள வேண்டும். சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு சிறிய நர்சிங் ஹோமின் மீது வழக்குத் தொடுப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். (மேலைநாடுகளில் அச்சொல் முதியோர் பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கும், நமக்கோ அது இருபது முப்பது படுக்கைகளும் ஒரு மருத்துவரின் பெயர்ப்பலகையும்.) அவ்வூரில் அத்துறை அறிந்த மருத்துவர்கள் சிலரே இருப்பர். ஒருவர் அனுப்பும் நோயாளியை மற்றவர் பார்ப்பார். அவர்களுள் ஒருவர் மற்றவருக்கு எதிராகக் கூண்டேறுவார் என்று சட்டம் எதிர்பார்ப்பது, என் கருத்தில், சமூகவியல் அறியாத எதிர்பார்ப்பு.

இச்சிக்கலைக் கூர்மையாக்கியவை மூன்று தீர்ப்புகள். லூதியானாவில் ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்ட ஆக்சிஜன் உருளை காலியாக இருந்ததிலிருந்து எழுந்தது ஜேக்கப் மேத்யூ வழக்கு. 2005 ஆகஸ்டு 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, மருத்துவர்மீது குற்ற வழக்குத் தொடர்வதற்குமுன் வேறொரு தகுதியுள்ள மருத்துவரின் நம்பத்தக்க கருத்து வேண்டும் என்றது. சிறைத்தண்டனை என்னும் அச்சம் உள்ள இடத்தில் அது நியாயமான காப்பு. 2009 பிப்ரவரி 17 அன்று மார்ட்டின் டிசோசா வழக்கில் இருவர் அமர்வு அக்காப்பை நுகர்வோர் மன்றங்களுக்கும் நீட்டித்தது: மருத்துவரின் அல்லது மருத்துவர் குழுவின் அறிக்கை பெற்ற பின்னரே எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும் என்றது. இழப்பீடு கோரும் எளிய மனு, விசாரணைக்கு முன்னரே மருத்துவத் தொழிலின் ஒப்புதலை நாடி நிற்கவேண்டியதாயிற்று.

அதற்குப் பதின்மூன்று மாதம் கழித்து, 2010 மார்ச் 8 அன்று, கிஷன் ராவ் வழக்கில் நீதிபதிகள் சிங்வியும் கங்குலியும் அந்நீட்டிப்பை மறுத்தனர். இருவர் அமர்வை மற்றோர் இருவர் அமர்வு எவ்வாறு மறுக்கலாம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஜேக்கப் மேத்யூ தீர்ப்பும், நுகர்வோர் மன்றங்களே சாட்சியம் பெற்று முடிவெடுக்க இயலும் என்ற 2002ஆம் ஆண்டு ஜே.ஜே. மெர்ச்சண்ட் தீர்ப்பும் மூவர் அமர்வுகள் அளித்தவை. அவற்றோடும் நுகர்வோர் சட்டத்தோடும் முரண்படும் பொதுக் கட்டளை பிணைக்காது என்பதே விடை. ஒவ்வொரு வழக்கிலும் வல்லுநர் தேவையில்லை, சிக்கலான வழக்கில் மட்டும் மன்றம் நாடலாம் என்று கூறி மாவட்ட மன்றத்தின் ஆணையை அவர்கள் மீட்டனர்.

இத்துடன் பிணக்கு தீர்ந்துவிட்டதாகப் பாடநூல்கள் எழுதுவதை நான் ஏற்பதில்லை. எது எளியது, எது சிக்கலானது என்பதை முடிவுசெய்யவே பல வேளைகளில் ஒரு வல்லுநர் தேவைப்படுகிறார். 2021இல் ஹரீஷ் குமார் குரானா வழக்கில் உச்ச நீதிமன்றம், அறுவை மேசையில் நோயாளி இறந்தார் என்பதாலேயே கவனக்குறைவை ஊகிக்க முடியாது, ஆவணமோ மருத்துவச் சாட்சியமோ வேண்டும் என்றது. கிஷன் ராவ் தீர்ப்புடன் இது நேரடியாக மோதவில்லை எனினும், சாய்வு மறுபக்கம் தெரிகிறது.

வல்லுநர் வந்தாலும் அவர் சொல்லே முடிவன்று. ரீஜென்சி மருத்துவமனை வழக்கில் (2009) நோயாளியின் ஆவணங்கள் முழுவதும் அனுப்பப்படாமலே வல்லுநர் கருத்துப் பெறப்பட்டதை உச்ச நீதிமன்றம் குறையாகக் கண்டது; காரணம் கூறாத கருத்துக்கு மதிப்பில்லை என்றது. ஆகவே வழக்கின் உயிர் பெரும்பாலும் மருத்துவக் குறிப்பேட்டில்தான் உள்ளது. 2002ஆம் ஆண்டு மருத்துவக் கழக ஒழுங்குமுறைகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மூன்றாண்டுகள் பாதுகாக்கவேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். கேட்கலாம் என்பதை அறிந்தோர் சிலரே.

இன்னொரு வாயில் முற்றிலும் மூடியிருப்பதையும் சொல்லவேண்டும். 1995ஆம் ஆண்டு வி.பி. சாந்தா தீர்ப்பு கட்டணம் பெறும் மருத்துவமனைகளையும் நர்சிங் ஹோம்களையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொணர்ந்தது. எல்லோருக்கும் இலவசமாகச் சேவை தருவனவற்றை வெளியே விட்டது. 2021 மே 10 இரவு திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தபோது, அரசுக் கணக்கின்படியே 11 பேர் உயிரிழந்தனர். ஆக்சிஜன் இன்றேல் மூச்சு நிற்கும் என்று உரைக்க வல்லுநர் எவரும் வேண்டியதில்லை. ஆனால் இலவசச் சிகிச்சை பெற்ற அவர்களின் குடும்பத்தார்க்கு நுகர்வோர் மன்றத்தின் படி ஏறும் உரிமை இல்லை. அவர்கள் செல்லக்கூடியது உரிமையியல் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோதான்.