வேற்று உலோகங்களின் உராய்வுக் கிளறல் பற்றவைப்பு

வேற்று உலோகங்களின் உராய்வுக் கிளறல் பற்றவைப்பு என்பது அலுமினியம்–எஃகு, அலுமினியம்–செம்பு போன்று இயல்பில் மாறுபட்ட இரு உலோகங்களை உருக்காமல், இளக்கிக் கலந்து இணைக்கும் முறை. உராய்வுக் கிளறல் பற்றவைப்பை 1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனமான டி.டபிள்யூ.ஐ.யில் வெய்ன் தாமஸும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். அலுமினியத் தகடுகளுக்கென முதலில் பயன்பட்ட இம்முறை, பின்னர் வேற்று உலோக இணைப்புக்கும் விரிந்தது.

செயல்முறை

சுழலும் கருவியில் அகன்ற தோளும், அதன் அடியில் நீண்டிருக்கும் முளையும் உண்டு. இறுகப் பிடித்துவைத்த தகடுகளின் சந்திப்பில் முளையை அழுத்தி இறக்கியதும், தோளின் உராய்வால் உலோகம் சூடேறிப் பிசைந்த மாவைப் போல இளகும். கருவி நகர நகர, இளகிய உலோகம் முளையைச் சுற்றி ஓடி, அதன் பின்னே தோளின் அழுத்தத்தில் இறுகும். கருவியின் சுழற்சித் திசையும் நகர்வுத் திசையும் ஒத்துப்போகும் பக்கம் முன்னேறும் பக்கம் எனப்படும். எதிர்ப்பக்கம் பின்வாங்கும் பக்கம்.

உருக்கி இணைப்பதன் இடர்

அலுமினியம் 660° செல்சியஸில் உருகும். எஃகு உருக ஏறத்தாழ 1,500° வேண்டும். இரண்டையும் ஒருசேர உருக்கினால், இரும்பும் அலுமினியமும் வினைபுரிந்து Fe₂Al₅, Fe₄Al₁₃ போன்ற உலோக இடைச்சேர்மங்கள் தடித்த அடுக்காகப் படியும். இவை கடினமானவை, ஆனால் எளிதில் நொறுங்குபவை. வெப்பத்தில் அலுமினியம் எஃகைப்போல் சுமார் இரு மடங்கு விரிவதால், ஆறும்போது இழுவிசை தோன்றி அந்த அடுக்கிலேயே விரிசல் விடும்.

உராய்வு முறையில் வெப்பமும் குறைவு, அது நீடிக்கும் நேரமும் குறைவு. எனவே சேர்ம அடுக்கு ஓரிரு மைக்ரோமீட்டர் அளவில் நின்றுவிடும். வினையே நிகழாவிட்டால் உலோகங்கள் ஒட்டா. மிகுந்தால் இணைப்பு நொறுங்கும். சுழற்சி வேகம், நகர்வு வேகம், அழுத்தம் ஆகிய மூன்றையும் பொருத்தமாக அமைப்பதன் நோக்கம் இந்த அடுக்கை மெல்லியதாகக் காப்பதே.

உலோக இணைகள்

அலுமினியம்–எஃகு: விளிம்போடு விளிம்பு சேர்க்கும்போது பொதுவாக எஃகை முன்னேறும் பக்கத்தில் வைத்து, முளையை அலுமினியத்தின் பக்கம் தள்ளி இறக்குவர். முளை எஃகின் ஓரத்தைச் சற்றே உரசிச் செல்லும். அதனால் ஆக்சைடு படலம் நீங்கிப் புது உலோகப் பரப்பு வெளிப்படும். கருவியின் தேய்மானமும் குறையும்.

அலுமினியம்–செம்பு: இவை சந்திக்கும் இடத்தில் 548° செல்சியஸிலேயே திரவம் தோன்றக்கூடும், Al₂Cu, Al₄Cu₉ சேர்மங்களும் உருவாகும். மின்கடத்துப் பட்டைகளிலும் மின்கல இணைப்புகளிலும் இந்த இணை பயன்படுகிறது. தடித்த சேர்ம அடுக்கு வலிமையைக் குறைப்பதோடு மின்தடையையும் கூட்டும்.

அலுமினியம்–மக்னீசியம்: உருகுநிலைகள் நெருக்கமாக இருந்தும் இது கடினமான இணை. இவற்றின் கலவை 437° செல்சியஸிலேயே உருகத் தொடங்குவதால் வெப்பத்தில் சிறு மிகுதியும் விரிசலில் முடியும்.

தொழிலில் பயன்பாடு

மாஸ்டா நிறுவனம் 2005-இல் எம்.எக்ஸ்-5 காரில் அலுமினியத்தையும் எஃகையும் இணைக்க, இம்முறையின் புள்ளி வடிவத்தைக் கையாண்டது. ஹோண்டா 2013 மாடல் அக்கார்டு காரின் முன்பக்கத் துணைச் சட்டகத்தில் இரு உலோகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தொடர் இணைப்பாகப் பற்றவைத்தது. முழு எஃகுச் சட்டகத்தைவிட அதன் எடை 25 சதவீதம் குறைந்தது.

வரம்புகள்

தகடுகளை அசையாமல் பிடிக்க வலுவான பிடிப்பான்கள் வேண்டும். கருவி வெளியேறும் இடத்தில் துளை எஞ்சும். ஈரம் புகுந்தால் இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு ஏற்படும். ஆகவே இணைப்பை மூடிக் காப்பது இன்றியமையாதது. இணைப்பின் தரத்தை வெளித்தோற்றத்தால் அறிய முடியாது என்பதால், ஹோண்டா தன் உற்பத்தி வரிசையில் லேசர் கதிரும் அகச்சிவப்புக் கேமராவும் கொண்டு, இணைப்பைச் சிதைக்காமல் சோதிக்கும் முறையைச் சேர்த்தது.